டிரில் ஹாலின் வரலாறு, மங்களகரமான பகுதி மட்டும்

சங்கத் தலைவர் கஸ்தூரிரங்கன் அங்கிள், கிரகப்பிரவேச விழா மலருக்குப் புது மண்டபத்தின் வரலாற்றை எழுதித் தரச் சொன்னார்.

"சண்டை, சாவெல்லாம் அவாய்ட் பண்ணிடுப்பா."

நியூ ஜெர்சியில் தக்காளிச் சந்தைக்குப் பெயர்போன சிற்றூர். அங்கே மாநிலப் படையினர் தலைமுறை தலைமுறையாக லெஃப்ட் ரைட் போட்ட கூடம் அது. இரண்டு உலக யுத்தங்களுக்கும் பையன்கள் இங்கிருந்துதான் ரயிலேறப் போனார்கள். நடுவில் சில வருடம் கோழிக் கண்காட்சி நடந்தது. 1986-ல் படை புது இடத்துக்குப் போனதும் எங்கள் தமிழ்ச் சங்கம் வாங்கியது. மங்களகரமானது என்று பார்த்தால் கோழி மட்டும்தான் தேறியது.

மேற்குச் சுவரில் ஒரு பித்தளைப் பலகை. இங்கே பயிற்சி பெற்று இறந்தவர்களின் பெயர்கள். கடைசிப் பெயர் தாமஸ் ஜீவரத்தினம். காலேஜ் செலவுக்காகப் படையில் சேர்ந்தவன். நாங்கள் வாங்குவதற்கு முந்தின வருடம் பயிற்சியில் லாரி கவிழ்ந்து போய்விட்டான். அவன் அப்பா ஜீவரத்தினம் அங்கிள் எங்கள் கமிட்டியில் இருக்கிறார். இந்தக் கட்டடத்தை வாங்கலாம் என்று முதலில் கை தூக்கியவர் அவர்தான்.

கிரகப்பிரவேசத்துக்கு மறுவாரமே ஒரு கல்யாணம் புக் ஆகியிருந்தது. கமிட்டியில் விசாலாக்ஷி ஆன்ட்டி ஆரம்பித்தார்.

"மணமேடைக்குப் பின்னாடி செத்தவா பேரா? கழட்டிடலாம்."

"அதுல என் பையன் இருக்கான், மேடம். மேடைய எதிர்ப்பக்கம் போடலாமே."

"பொண்ணு மாப்பிள்ளை கிழக்குப் பார்த்துன்னா உட்காரணும்? உங்க சர்ச்சுல இதெல்லாம் பார்க்க மாட்டாளா?"

"எங்க சர்ச்சுல செத்தவங்க பேரு சுவத்துலதான் இருக்கும். அதுக்குக் கீழதான் கல்யாணமும் நடக்கும்."

காபி வந்தது.

தலைவர் இன்ஜினியர். வழி கண்டுபிடித்தார்.

"கழட்டக் கூடாதுன்னு டவுன்ஷிப் கண்டிஷன் இருக்கு. பேரைச் சுவர்ப் பக்கமா திருப்பி மாட்டக் கூடாதுன்னு இல்லையே."

ஒருவரைத் தவிர எல்லோரும் கை தூக்கினார்கள். ஏகமனதாக என்று பதிவானது.

சனிக்கிழமை பலகையைத் திருப்பத் தலைவரும் நானும் போனோம். ஜீவரத்தினம் அங்கிள் டூல் பாக்ஸோடு முன்பே வந்து நின்றார்.

"நீங்க எதுக்கு சார் சிரமப்பட்டுண்டு?"

"நீங்க மாட்டினா விழுந்துடும்."

அவர் கீழ்ப்பக்கம் பிடித்தார். மகன் பெயர் அவர் உள்ளங்கைக்குள் போயிற்று. திருப்பினோம். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அவரே முடுக்கினார். கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்று ஒன்றைக் கழற்றி மறுபடி போட்டார்.

பின்பக்கம் வழவழவென்று இருந்தது. விசாலாக்ஷி ஆன்ட்டி அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்.

"ஃபங்ஷனுக்கு வந்துடுவேள் இல்லையா?" என்றார் தலைவர்.

ஜீவரத்தினம் அங்கிள் டூல் பாக்ஸை மூடினார்.

"வராம? பையனை உள்ள வச்சிட்டுல்ல போறேன்."