ரெண்டு பேருக்குக் காணும் வெந்நீர்

என் வீட்டுக்காரர் பால்சாமிக்கு ஒரு விஷயம் தலைக்குள் புகுந்துவிட்டால் அது முடிகிறவரை சோறு இறங்காது. எங்கள் மகள் சிநேகா தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வரப்போகிறாள் என்றதும் அவர் தலைக்குள் புகுந்தது வெந்நீர்.

பிள்ளை பெற்றவளுக்கு இடுப்பில் சுடச்சுட ஊற்ற வேண்டும். அதற்கு அண்டா நிறையத் தண்ணீர் காய வேண்டும். எரிப்பதற்கு எங்கள் பக்கம் பஞ்சமே இல்லை. திருவாடானை ரோட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் சீமைக்கருவேலமரம்தான். ஆனால் அந்தப் புகை சிநேகாவுக்கு ஆகாது. சின்ன வயதிலிருந்தே அடுப்பு மூட்டினால் அவளுக்கு இளைப்பு வந்துவிடும். கரண்டில் ஹீட்டர் போடலாம் என்றால், எங்கள் ஊர் கரண்டு எப்போது வருகிறதோ அப்போதுதான் அவள் குளிக்க முடியும்.

"வெயிலு சும்மாதான கெடக்கு" என்றார் ஒருநாள். என்னமோ வெயிலையே அவர்தான் அன்றைக்குக் கண்டுபிடித்த மாதிரி.

வசந்தகுமார் என்கிற சோலார்காரத் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தார். கண்ணாடிக் குழாய் வைத்த ஹீட்டர் எங்கள் உப்புத்தண்ணீருக்குச் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும் என்று அந்தத் தம்பி சொன்னது. அதனால் மாடியில் கரண்டு எடுக்கிற பேனல். பக்கத்தில் தடித்த உறை போட்ட டேங்க், அதற்குள் சூடேறுகிற ஒரு காயில் கம்பி. பேனலில் வெயில் பட்டால் காயில் சூடாகித் தண்ணீர் காயும், காய்ந்தது விடியும்வரை ஆறாது. உப்புப் படிந்தால் காயிலைக் கழற்றித் தேய்த்து மாட்டிக்கொள்ளலாம். விஷயம் இவ்வளவுதான். இதை அவர் பால்காரரில் ஆரம்பித்து பஸ் கண்டக்டர்வரை எல்லோரிடமும் சொல்லி முடித்தார்.

டேங்கைத் தூக்கி வைக்கும்போது அவர் கேட்டார், "ரெண்டு பேருக்குக் காணுமா தம்பி?"

"தாராளமாக் காணும்ணே."

"ரெண்டாவது ஆளு யாரு, நீங்களா?" என்று கேட்டேன் நான். மீசையைத் தடவிக்கொண்டே கீழே இறங்கிவிட்டார்.

பக்கத்து வீட்டில் இருக்கிற அவருடைய அக்கா சோணையம்மாள் மதினிக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. பிள்ளை பிறக்கும் முன்னால் பிள்ளைக்கென்று ஒரு முழத்துணிகூட வாங்கக் கூடாது என்பதில் மதினி கறார்.

"ஏலே, பெறக்கு முன்னாடியே இம்புட்டு ஏற்பாடு ஆகுமாடா?"

"அக்கா, இது பிள்ளைக்கு இல்ல. என் மகளுக்கு."

வளைகாப்பு முடிந்து சிநேகா வந்தாள். சாயங்காலம் ஆனால் குளியலறைக் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு, "அய்யா, கை பொறுக்கல!" என்று அங்கிருந்தே கத்துவாள். அவர் வாசலில் நின்று சிரிப்பார். மதினிக்குத் தெரியாமல் நான் அவளுக்குப் பிள்ளை குளிப்பாட்டப் பழக்கிக்கொடுத்தேன். காலை நீட்டி உட்கார்ந்து, கணுக்காலுக்கு மேலே தலையணையைக் குப்புறப் போட்டு, வெந்நீரில் பச்சைத்தண்ணீர் விளாவி, புறங்கையில் சூடு பார்க்க வேண்டும். அவள் தலையணைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி செய்து என்னைச் சிரிக்க வைப்பாள்.

பங்குனி மாதம். காலையில் எழுந்தவள், பிள்ளை அசையவில்லை என்றாள். காரைப் பிடித்து ராமநாதபுரம் போய்ச் சேர்ந்தோம். துடிப்பு நின்றுவிட்டது என்றார்கள். நின்றுபோனாலும் பெற்றுத்தானே ஆகவேண்டும். வலி வரவைத்தார்கள், அந்த வலி முழுவதையும் பட்டு அவள் பெற்றாள். பெண் பிள்ளை. தலை நிறைய முடி. நான்தான் கையில் வாங்கினேன். உடம்பு கதகதவென்றுதான் இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மருமகன் ராம்குமாரும் அவரும் பிள்ளையை ஊருக்குக் கொண்டுபோய் எங்கள் வயலோரத்தில் அடக்கம் செய்தார்கள். நான் மகளோடு ஆஸ்பத்திரியில் இருந்தேன். அதற்குப் பிறகு நடந்ததை மதினிதான் எனக்குச் சொன்னாள். வயலிலிருந்து வந்தவர் நேராக மாடிக்கு ஏறினாராம். டேங்கின் வால்வைத் திறந்து அத்தனை சுடுதண்ணீரையும் ஓடவிட்டாராம். முருங்கை மூட்டில் ஆவி பறக்க ஓடியதாம். பிறகு நெல் மூடுகிற தார்ப்பாயை எடுத்துப் பேனல்மேல் போர்த்திக் கயிற்றால் இறுக்கிக் கட்டினாராம். "நான்தான்க்கா முந்திரிக்கொட்டையாட்டம் எல்லாத்தையும் செஞ்சுட்டேன்" என்றாராம்.

பேனலுக்கும் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

சிநேகாவைக் கூட்டிவந்தபோது மதினி வாசலில் குடத்தோடு நின்றாள். துக்க வீடு, தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். பச்சைத்தண்ணீர். என் மகள் நனைந்துகொண்டு நின்றாள். பல் கிடுகிடுவென்று அடித்தது. பிள்ளை பெற்று வந்தவளுக்குச் செய்வது எதையும் யாரும் செய்யவில்லை. மயானத்துக்குப் போய்வந்தவளை நடத்துகிற மாதிரிதான் நடத்தினோம். அதில் நானும் சேர்த்தி.

மறுநாள் காலை அவள் ரவிக்கை நனைந்திருந்தது. குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பால் வருதும்மா."

நான் துண்டைத் தேடினேன். தேடிக்கொண்டே இருந்தேன்.

"பிள்ளை பெத்தவளுக்கு வெந்நி ஊத்தணும்பியே. எனக்கு ஊத்த மாட்டியா? நான் பெத்தேன்லம்மா."

அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கையில் சிக்கியவர் அவர்தான்.

"அந்தத் தார்ப்பாயை எடுங்க" என்றேன்.

"வேணாம் வள்ளி. அதப் பாத்தாலே…"

"பிள்ளைக்கு இல்ல, மகளுக்குன்னு சொன்னது நீங்கதான? மக இருக்கா. உள்ள நடுங்கிக்கிட்டு உக்காந்திருக்கா."

அவர் எழுந்திருக்கவில்லை. நானே மாடிக்குப் போனேன். அவர் போட்ட முடிச்சு, லேசில் அவிழுமா? நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். பின்னாலிருந்து அவர் கை வந்து என் கையை விலக்கியது. இரண்டு பேருமாகத் தார்ப்பாயை மடித்தோம். வால்வை மூடி டேங்கை நிரப்பினார். தோளில் கிடந்த துண்டால் பேனலைத் துடைத்தார். வெயில் எப்போதும் போலத்தான் அடித்துக்கொண்டிருந்தது.

மத்தியானத்துக்கு மேல் மதினி வந்தாள். துக்க வீட்டில் இதென்ன கூத்து என்று கேட்டால் கேட்கட்டும், இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுகிறேன் என்று நான் சேலையைச் செருகிக்கொண்டு நின்றேன். மதினி மடியை அவிழ்த்தாள். நொச்சி இலை.

"இதப் போட்டு ஊத்து. பெத்த உடம்புத்தா" என்றாள்.

சாயங்காலம் அவளை மணையில் உட்காரவைத்து ஊற்றினேன். இடுப்பில், முதுகில், தொடையில். சூடு பட்டதும் பால் தானாக இறங்கியது, தண்ணீரோடு கலந்து ஓடியது. அவள் அழுதாள், நானும் அழுதுகொண்டே ஊற்றினேன்.

"போதும்மா. நீ போ. நான் வாரேன்."

வெளியே வந்தேன். அவர் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"தண்ணி காணுச்சா?"

"காணுச்சு. இன்னும் ஒரு ஆளுக்கு இருக்கு" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அவர் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். துண்டை வாயில் வைத்துக்கொண்டு, எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து நான் பார்த்திராதபடி அழுதார்.

உள்ளே மறுபடி குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. வழுக்கி விழுந்துவிடப் போகிறாள் என்று கதவைத் தள்ளிப் பார்த்தேன். சிநேகா தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வாளியில் வெந்நீரைப் பிடித்து, பச்சைத்தண்ணீர் விளாவி, புறங்கையில் சூடு பார்த்தாள். இன்னும் கொஞ்சம் விளாவினாள். பிறகு தன் வெறுங்காலின்மேல் சொம்பு சொம்பாக, மெதுவாக, ஊற்ற ஆரம்பித்தாள்.