கேட்டால் பிறக்கும் பக்கம்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நான் யோசித்துப் பிடித்ததில்லை. அக்காவின் ஈரச் செருப்போடு வீட்டுக்குள் வந்தது. வெள்ளம் வந்த வாரம் அவள் நிவாரண வேலையிலிருந்து திரும்பி, வாசற்படியில் உட்கார்ந்து, கால்விரல் இடுக்கில் சேற்றைத் துடைத்தபடி சொன்னாள்:

"ஒருத்தர் கேட்டாத்தான்டி அந்தப் பக்கமே பொறக்குது. அதுவரைக்கும் அது எங்கயும் இல்ல."

நான் இணையதளத்தை ஓர் அலமாரி என்று நினைத்திருந்தவள். எழுதி முடித்த பக்கங்கள் உள்ளே அடுக்கியிருக்கும், கேட்டதும் ஒன்றை உருவிக் கொடுப்பார்கள் என்று. அப்படியில்லையாம். உள்ளே இருப்பது தகவல்களும் ஒரு வெற்று அச்சும்தானாம். நாம் முகவரியைத் தட்டும் கணத்தில் இரண்டும் கூடி ஒரு பக்கமாகி நம் கண்ணெதிரே வந்து நிற்குமாம். அக்காவுக்கு இதுதான் பிழைப்பு. எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. திறந்த வாயை மூடத் தோன்றவில்லை.

2

தொடக்கத்தை எழுதி எழுதி அடித்தேன். அடித்ததையும் வைக்கிறேன், பாருங்கள்.

ஆறு கரையை உடைத்துக்கொண்டு நகருக்குள் நுழைந்தபோது வானம்

(வேண்டாம். ஊரே மூழ்கும்போது வானம் எப்படி இருந்தால் யாருக்கு என்ன?)

அவள் கணினியோடு பேசுகிறவள்தான் என்றாலும் அவளுக்குள்ளும் ஒரு மெல்லிய

(அக்கா படித்தால் என்னைத் தொலைத்துக் கட்டிவிடுவாள்.)

நேராகவே சொல்கிறேன். மீட்கப்பட்டவர்களை விளையாட்டரங்கம், கல்லூரி விடுதி என்று முகாம் முகாமாகப் பிரித்து வைத்திருந்தார்கள். யார் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. ஆளுக்கு ஒரு பக்கம் இருக்கும்படி ஒரு தளம் உடனே வேண்டும். அரங்கத்தின் டிக்கெட் அறையில், ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவில், அக்காவும் அவளோடு வேலை பார்ப்பவரும் உட்கார்ந்தார்கள். எதற்கெடுத்தாலும் 'ஆனா' என்றே ஆரம்பிப்பதால் அந்த மனிதருக்கு ஆபீஸ் முழுக்க 'ஆனா' என்றே பெயர். அகரவரிசையே அவரிடமிருந்துதான் தொடங்குகிறது என்பாள் அக்கா.

3

தளத்தின் பெயர். அதற்குப் பின் ஒரு சாய்கோடு. அதற்குப் பின் என்ன? அவ்வளவுதான் கேள்வி.

"நம்பர் போட்டுடலாம். முகாம்ல ஆளுக்கு ஒரு நம்பர் குடுத்திருக்காங்க. குழப்பமே வராது," என்றார் ஆனா.

"தேடி வர்றவங்களுக்கு அந்த நம்பர் எப்படித் தெரியும்?"

"ஆனா பேரை வச்சா, ஒரே பேர்ல எத்தனை பேர் இருப்பாங்க! எழுத்துப்பிழை வேற. பதியறவரு இருக்கிற அவசரத்துல 'ல'வா 'ள'வான்னு பார்த்துக்கிட்டா எழுதுறாரு?"

"அப்ப எல்லாத்தையும் பிடிக்கிற மாதிரி ஒரே வழி போடுறேன். சாய்கோட்டுக்கு அப்புறம் யாரு எதைத் தட்டினாலும் அது வாங்கிக்கும். பேரோ, வீட்டுல கூப்பிடுற செல்லப்பேரோ, எதுவானாலும். பதிவுல இருந்தா எந்த முகாம்னு காட்டும்."

"ஆனா, இல்லைன்னா?"

'நீங்கள் தேடும் பக்கம் இல்லை' என்பது அக்கா எத்தனையோ தளங்களுக்கு யோசிக்காமல் எழுதிப்போட்ட வாக்கியம். டிக்கெட் ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண், போகிற வருகிறவர்களிடமெல்லாம் போனில் ஒரு போட்டோவைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"புள்ளையத் தேடி வர்றவகிட்ட அப்படி ஒண்ணு இல்லவே இல்லன்னு எப்படிங்க சொல்றது?" என்றாள் அக்கா.

ஆகவே இப்படி முடிவானது. இல்லாத பெயரை யாராவது தட்டினால் அந்தப் பெயருக்கு அங்கேயே ஒரு பக்கம் பிறக்கும். அதில் ஒரே ஒரு வரி: 'இவரை ஒருவர் தேடுகிறார்.' விரும்பினால் கீழே தங்கள் போன் எண்ணை விட்டுவிட்டுப் போகலாம். பெயர் பதிவில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எத்தனை பேர் தட்டுகிறார்களோ, அத்தனை பேர் தேடுவதாகக் கணக்கு.

[இடையில் ஒன்று. தளம், தன்னிடமுள்ள வழிகளை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் பார்க்குமாம். அக்காவின் புது வழியைப் போல எதையும் விழுங்குகிறவனைப் பந்தியில் கடைசியாகத்தான் உட்கார வைக்க வேண்டும். அவசரத்தில் அக்கா அவனை முதல் ஆளாக உட்கார வைத்துவிட்டாள். முகாம் ஊழியர்கள் நுழைவதற்கான பக்கத்தையும் அவன் விழுங்கிவிட்டான். கல்லூரி விடுதியிலிருந்து போன்: "மேடம், உள்நுழைவுன்னு ஒருத்தரைத் தேடுறாங்களாமே, ஆணா பொண்ணா?"]

4

மறுநாள் 'புயல்' என்று ஒரு பக்கம் பிறந்திருந்தது.

"வெள்ளத்துல இருக்கோம், புயலைத் தேடுறானாம். எவனோ விளையாடுறான். அழிச்சிடலாமா?" என்றார் ஆனா.

"நம்பர் விட்டிருக்காங்களே. இருக்கட்டும்."

அதற்குள் அக்கா எதிர்பாராத ஒன்று முகாம்களில் நடக்கத் தொடங்கியிருந்தது. மேசை மேல் வைத்திருந்த பொதுப் போனுக்கு முன்னால் வரிசை நின்றது. உள்ளே இருந்தவர்கள் தங்கள் பெயரைத் தாங்களே தட்டிப் பார்த்தார்கள். நம்மை யாராவது தேடுகிறார்களா?

வரிசையில் வந்த தையல்காரம்மா ஒருவர் தன் பெயரைத் தட்டினார். தேடுகிறார்கள் என்று வந்தது, யார் என்று எண் மட்டும் இல்லை. பிறகு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, வெட்கத்தோடு, கோபம் வரும்போதெல்லாம் கணவர் தன்னைக் கூப்பிடும் பெயரைத் தட்டினார். அவருடைய சொந்தப் பெயரை முகாமில் பிழையாக எழுதியிருந்தார்கள். எண்ணை விடத் தோன்றாமல் அதைத் தட்டித் தட்டிக் கிடைக்காமல்தான் அந்த மனுஷர் 'புயல்' என்று தட்டி, எண்ணையும் விட்டிருக்கிறார்.

அந்த அம்மா எண்ணை அழுத்தினார். அழுகையை எதிர்பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்கள் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். "ஊரே பார்க்குற எடத்துல இந்தப் பேரையா போடுவீங்க?" என்று கத்திவிட்டு, அதன் பிறகுதான் தரையில் உட்கார்ந்தார்.

கணவர் கூப்பிட்ட சொல்லும் மனைவி நினைத்த சொல்லும், எங்கும் இல்லாத ஒரு பக்கத்தில் வந்து முட்டிக்கொண்டன. இதை எழுதும்போது இப்போதும் எனக்குப் புல்லரிக்கிறது.

5

இங்கேயே முடித்திருக்கலாம். (எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரவர் வேலையைப் பார்த்திருப்போம்.) ஆனால் லாரி டிரைவர் வந்துவிட்டார்.

இந்த ஆளை நான் முதலில் சந்தேகப்பட்டேன். கதைக்காக அக்கா கோத்துவிட்டதோ என்று. "போய்ப் பாரு," என்றாள். போய்ப் பார்த்தேன். இருக்கிறார். சரக்கோடு இந்த ஊரைக் கடந்துபோகிற வழியில் மாட்டிக்கொண்டவர். லாரியை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. சொந்தமென்று எந்த ஊரிலும் யாருமில்லை. எல்லோரும் தட்டுகிறார்களே என்று அவரும் தன் பெயரைத் தட்டியிருக்கிறார். பதிவில் இருப்பவர் என்பதால் முகாமைக் காட்டியது. அதற்குக் கீழே: 'இவரை ஒருவர் தேடுகிறார்.'

அவர் டிக்கெட் அறைக்கே ஓடி வந்தார்.

"மேடம், என்னைய ஒருத்தர் தேடுறாராம்!"

"யாருங்க?"

"அதான் தெரியல! நம்பர் விடலையே. எனக்குன்னு யாரும் கெடையாதுன்னுதானே நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

அக்கா கணினியில் பார்த்தாள். அந்தப் பெயரைத் தட்டியது ஒரே ஒரு போன். மேசை மேல் இருக்கும் அதே போன். அந்த 'ஒருவர்' அவரேதான். தங்களைத் தாங்களே தேடுவார்கள் என்று அக்கா நினைக்கவே இல்லை. மற்றவர்களுக்கெல்லாம் நிஜமாகவே யாராவது இருந்ததால் இந்தப் பிழை அதுவரை கண்ணில் படவில்லை.

"கொஞ்சம் டைம் குடுங்க, பார்த்துச் சொல்றேன்," என்று மட்டும் சொன்னாள்.

மறுபடி டிக்கெட் அறைக்கு வந்தபோது அவர் யாரிடமோ ரேசர் கேட்டு வாங்கி முகத்தை மழித்திருந்தார். நிவாரணத்தில் வந்த சட்டைகளில் நல்லதாக ஒன்றைத் தேடிப் போட்டிருந்தார். வருகிறவர் பார்க்கும்போது அலங்கோலமாக நிற்கக் கூடாதாம்.

"ஆனா சொல்லித்தானே ஆகணும்?" என்றார் ஆனா, அவர் போன பிறகு.

"ஷேவ் பண்ணிட்டு வந்து நிக்கிறாருங்க," என்றாள் அக்கா.

6

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அக்கா உண்மையைச் சொல்கிறாள். அவர் சிரித்துவிட்டு, "அதானே பார்த்தேன்," என்று

(என்னால் இதற்கு மேல் எழுத முடியவில்லை.)

அக்கா மறைக்கிறாள். அவர் வாசலையே பார்த்துக்கொண்டு

(இது அதைவிடக் கொடுமை.)

அக்காவிடமே கேட்டேன். "என் போன்லருந்து அவர் பேரை ஒருதரம் தட்டினேன். அப்ப ஒருத்தர் தேடுறது உண்மையாயிடும்ல," என்றாள். நானும் தட்டிப் பார்த்தேன். மூன்று என்று வரும் என்று நினைத்தேன்.

'இவரை முப்பத்தெட்டுப் பேர் தேடுகிறார்கள்.'

அக்கா என் கையிலிருந்து போனைப் பிடுங்கிப் பார்த்தாள். தான் ஒரே ஒரு முறைதான் தட்டியதாகச் சத்தியம் செய்தாள். ஆனா, "சரியா வேலை செய்யுதான்னு சும்மா ஒரு தடவை பார்த்தேன்," என்று ஒப்புக்கொண்டார். மீதிப் பேர்? டிரைவர் அரங்கம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாரே, அவரை யார் தேடுவது என்று பார்க்கத் தட்டியவர்களாக இருக்கலாம். ஆசையாகத் தட்டினார்களோ, வம்புக்குத் தட்டினார்களோ, எனக்குத் தெரியாது. அந்த வழிக்கு இரண்டும் ஒன்றுதான். ஒருவரின் பெயரை ஒருவர் கேட்டார், அவ்வளவே அதற்குத் தெரியும்.

பிழையைத் திருத்தும் வரிகளை அக்கா எழுதி வைத்துவிட்டாள். இன்னும் தளத்தில் ஏற்றவில்லை. டிரைவர் இப்போது நிவாரண லாரி ஓட்டுகிறார். நாளைக் காலை சாமான் இறக்க அரங்கத்துக்கு வருகிறார். ஜன்னலில் குனிந்து, "யாருன்னு தெரிஞ்சுதா மேடம்?" என்று கேட்பார். நாளை அக்காவுக்கு விடுப்பு; பதிலை உங்களிடம் விடுகிறேன். அந்த நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். வாசலில் லாரி சத்தம் கேட்கிறது. அவர் இறங்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, உங்களைப் பார்த்துத்தான் நடந்து