திடீர்ப் பயணத்துக்கு அவித்த முட்டை

புளித்த பால் நாற்றம் எனக்குப் புதிதல்ல. பால் ஆலையில் என் வேலையே அதுதான். டேங்கர் வந்து நிற்கும், மூடியைத் திறப்பார்கள், நான் குனிந்து ஒரு மூச்சு இழுப்பேன். நல்ல பால் என்றால் தலையை ஆட்டுவேன், இல்லையென்றால் கையை ஆட்டுவேன், வண்டி வந்த வழியே போகும். மெஷின்களும் இருக்கின்றன, ஆனால் அவற்றின் முறை என் மூக்குக்குப் பிறகுதான். ஆலையில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மூக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணத்துக்குப் பிறகு என் கணவனும் அதையே பிடித்துக்கொண்டான்.

அதனால் அந்த வெள்ளிக்கிழமை காலை அவன் கார் கதவைத் திறந்து "ஏறு மூக்கி" என்றபோது நான் ஏறவில்லை, பின்னால் நகர்ந்தேன். அது நாத்தனார் வீட்டுக் கார். அவள் குழந்தை என்றைக்கோ பின்சீட்டில் பால் புட்டியைக் கவிழ்த்திருக்கிறது. துடைத்தவர்கள் மேலோட்டமாகத் துடைத்துவிட்டு, நாற்றத்தை மறைக்க ஓர் எலுமிச்சை வாசனை அட்டையைக் கண்ணாடியில் தொங்கவிட்டிருந்தார்கள். புளித்த பாலில் எலுமிச்சையும் பிழிந்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு டேங்கர் இப்படி வந்திருந்தால் டிரைவரையும் சேர்த்துக் குளிப்பாட்டச் சொல்லியிருப்பேன்.

"என்னது இது?"

"டூர்! சட்டுனு தோணுச்சு. கார்ல துறை வரைக்கும் போறோம், அங்கேர்ந்து படகுல தீவு. காரையும் படகுலயே ஏத்திக்கலாம். நாம ரெண்டு பேர் மட்டும்."

"நாளைக்கு எனக்கு டெஸ்ட் இருக்கு."

"தெரியாதா எனக்கு? அதுக்குத்தான் கூட்டிட்டுப் போறேன். கடல் காத்து மூக்குக்கு நல்லது. சாயங்காலம் திரும்பிடலாம்."

அந்த டெஸ்ட்டுக்காக நான் இரண்டு வாரமாக வெங்காயம்கூடத் தொடவில்லை. வேறு ஊரில் எங்கள் கம்பெனி புதிதாக ஓர் ஆலை திறக்கிறது. அதன் பரிசோதனைக் கூடத்துக்குப் பொறுப்பாளர் வேண்டும். சனிக்கிழமை காலை வரிசையாகக் கிண்ணங்களை வைப்பார்கள், முகர்ந்து சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் வேலை என்னுடையது, வேலையோடு ஒரு வீடும் வரும். வராதவர்களுக்கு இன்னொரு நாள் தரமாட்டார்கள். அந்த வீட்டைத்தான் நான் இரவும் பகலும் நினைத்துக்கொண்டிருந்தேன். பெரிய வீடெல்லாம் இல்லை, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளக்கூடிய கதவு உள்ள வீடு.

எங்கள் அறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. இருந்ததை என் மாமியார் கழற்றிவிட்டார், துரு பிடித்துவிட்டதாம். அத்தை தட்டாமல் உள்ளே வருவார், தலையணையைத் திருப்பிப் போடுவார், அழுக்குக் கூடையைக் கொட்டி என் உள்துணிகளை ஒவ்வொன்றாக விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். துவைக்கத்தான் என்பார். துவைப்பது நான். ஒருநாள் சமையலறையில் என்னை நிறுத்தி, "இந்த மாசமும் வந்துடுச்சு போல" என்றார். என் உடம்பே கூசியது. அன்றைக்குத்தான் நான் அவனிடம் சொன்னேன், இந்த வீட்டில் இனி என்னால் முடியாது என்று. "சரி, போயிடலாம்" என்றான். அப்போது அவன் முகத்தைப் பார்த்து நம்பினேன். மூக்கை நம்பியிருக்கலாம்.

கார் கிளம்பியது. ஜன்னலைத் திறந்தால் லாரிப் புகை, மூடினால் புளித்த பால். ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக நிறுத்தி, பின்சீட்டிலிருந்து ஒரு பெரிய டப்பாவை எடுத்துத் திறந்தான். அவித்த முட்டை. மூடிய டப்பாவுக்குள் வெயிலில் வெந்து வியர்த்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. அந்த வாடை என் தொண்டை வரை இறங்கியது.

"சட்டுனு தோணுச்சுன்னு சொன்னியே, முட்டை எப்போ அவிஞ்சுது?"

"அம்மா சும்மா அவிச்சு வெச்சிருந்தாங்க."

"சும்மா யாராவது ஒரு டப்பா முட்டை அவிப்பாங்களா?"

"உன் சந்தேகத்தையெல்லாம் டேங்கர்கிட்ட வெச்சுக்கோ தாயே" என்று கும்பிட்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கு இது ஒரு வரம், நான் கோபமாக இருக்கும்போது சிரிக்க வைத்துவிடுவான். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற அவனிடம் நான் மூக்குக்கண்ணாடி வாங்கப் போய், "இவ்ளோ அழகான மூக்கு மேல எதை வைக்கிறதுன்னே தெரியலை" என்று அவன் சொன்னதில்தான் விழுந்தேன். இப்போது முட்டை ஓட்டை உரித்து, தண்ணீர் பாட்டில் வைக்கிற குழியில் போட்டான். இரண்டு முட்டையை முழுசாக வாய்க்குள் தள்ளினான். மஞ்சள் கரு உதட்டோரத்தில் ஒட்டியிருக்க, என் கன்னத்தில் முத்தம் கொடுத்தான். துப்பட்டாவால் துடைத்துக்கொண்டேன். போனை அணைத்து வைக்கச் சொன்னான், ஆலையிலிருந்து தொல்லை செய்வார்களாம். அணைத்தேன்.

துறையில் எங்களுக்கு முன்னால் ஒரு மீன் லாரி. அதிலிருந்து சொட்டிய தண்ணீர் எங்கள் டயரின் கீழே ஓடிக்கொண்டிருந்தது. படகு என்று பெயர்தான், துருப்பிடித்த இரும்பு மாடிக் கட்டிடத்தை மிதக்க விட்ட மாதிரி இருந்தது. கீழ்த்தளத்தில் கார்களை இடைவெளியே இல்லாமல் நெருக்கி நிறுத்தினார்கள். வயிற்றை எக்கிக்கொண்டு கதவிடுக்கில் வெளியே வந்தோம். மேல்தளத்தில் நாற்காலியெல்லாம் பிசுபிசு என்றிருந்தது, யாரோ குடித்துக் கொட்டிய குளிர்பானம். பக்கத்தில் ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு, காலை எதிர் நாற்காலியில் போட்டு, கட்டை விரல் நகத்தைக் கடற்காற்றில் பிய்த்துக்கொண்டிருந்தார்.

ஆனாலும் படகு நகர்ந்து கரை விலகியதும் கொஞ்ச நேரம் நன்றாகத்தான் இருந்தது. உப்புக் காற்று மற்ற எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. அவன் தோளில் சாய்ந்தேன். புது வீட்டுக்குத் திரைச்சீலை என்ன நிறம் என்று கேட்டேன். "உனக்குப் பிடிச்சதே போட்டுக்கலாம்" என்றான். அப்புறம் அலை கூடியது, படகு ஏறி இறங்கியது, டீசல் புகை மேலே வந்தது. முட்டை நாற்றம் அவன் சட்டையிலேயே இருந்தது. எழுந்து கழிப்பறைக்கு ஓடினேன்.

அந்தக் கழிப்பறையைப் பற்றி நான் முழுசாகச் சொல்லப் போவதில்லை. தரையில் தண்ணீர் நின்றது, அது தண்ணீர்தான் என்று நினைத்துக்கொண்டேன். படகு சாயும்போதெல்லாம் அது என் செருப்புக்குள் ஏறி இறங்கியது. மூக்கைப் பொத்திக்கொண்டு, காற்றுக்காகத் தலைக்கு மேலிருந்த கம்பி ஜன்னலோரம் முகத்தை உயர்த்தினேன். ஜன்னலுக்கு வெளியே அவன் குரல். போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"ஏறியாச்சும்மா. எல்லாம் நாம நெனச்ச மாதிரியேதான் நடக்குது. இல்ல, அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

காதைக் கம்பியோடு ஒட்டிவைத்தேன்.

"திரும்புற படகு நாளைக்கு மத்தியானம்தான். சாயங்காலம் உண்டுன்னு சொல்லி வெச்சிருக்கேன், அங்க போய் ரத்தாயிடுச்சுன்னு சொல்லிடறேன். ரெண்டு நாள் அழுவா, அப்புறம் சரியாயிடுவா. நீ கணக்குப் பார்த்த நாளும் இதுதானே? ஒரு பிள்ளை தங்கிடுச்சுன்னா அப்புறம் எங்க போவா... ஆங், முட்டை சாப்பிட்டேன்மா. ரெண்டு."

என்னையும் சேர்த்துத்தான் என்றால் அம்மாவிடம் அவன் "நாங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். நாங்க ஏறிட்டோம், நாங்க வர்றோம். அவன் சொன்னது "நாம". அந்த "நாம"வுக்குள் அவன் இருந்தான், அவன் அம்மா இருந்தார், அவித்த முட்டை டப்பாகூட இருந்தது. நான் கழிப்பறையில் இருந்தேன்.

அத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. பார்த்ததை மகனிடம் சொல்லியிருக்கிறார். அவனும் உட்கார்ந்து கேட்டிருக்கிறான். என் உடம்பின் நாட்களை அம்மாவும் பிள்ளையும் ஒரு மேஜையில் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள். அதற்கப்புறம் அவன் வந்து என் பக்கத்தில் படுத்திருக்கிறான். சீ! அந்தத் தரை, அந்தத் தண்ணீர், அந்தச் சுவரில் யாரோ தேய்த்து வைத்திருந்தது, எதுவும் எனக்கு அப்போது பெரிதாகத் தெரியவில்லை. குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன்.

வெளியே வந்தபோது அவன் எங்கள் நாற்காலியில் ஒன்றும் தெரியாதவன் போல உட்கார்ந்திருந்தான்.

"என்னாச்சு, முகமெல்லாம் வெளுத்துப் போச்சு?"

"வாந்தி."

அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. குனிந்து என் வயிற்றைப் பார்த்தான். "ஒருவேளை..." என்று இழுத்தான். கை தானாக போன் இருக்கும் சட்டைப் பைக்குப் போனது. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு இதையும் சொல்ல வேண்டும், சூடு ஆறுவதற்குள். இந்த மனிதனின் தோளில் கொஞ்ச நேரத்துக்கு முன்பு சாய்ந்திருந்தேன் என்று நினைத்ததும் காதோரத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும் போலிருந்தது.

"அலைதான்" என்றேன்.

அவன் சட்டையைப் பிடித்து அங்கேயே உலுக்கியிருக்கலாம். ஆனால் அவனை எனக்குத் தெரியும். காலில் விழுவான், அழுவான், ஒரு ஜோக் அடிப்பான், நான் சிரித்துவிடுவேனோ என்று எனக்கே பயம். கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து, கயிறு சுற்றிக்கொண்டிருந்த படகு ஊழியரிடம் போனேன்.

"அண்ணே, இந்தப் படகு எப்போ திரும்பும்?"

"ஆளை இறக்கிட்டு அப்பவே திரும்பிடும்மா. அதை விட்டா நாளைக்கு மத்தியானம்தான்."

"நடந்து வர்றவங்க ஏறலாமா?"

"ஏறலாமே. சீட்டு உள்ளேயே போட்டுக்கலாம்."

தீவு நெருங்கியது. கார் வைத்திருப்பவர்கள் மட்டும் கீழே போக வேண்டும், மற்றவர்கள் படியில் இறங்க வேண்டும் என்று அறிவித்தார்கள். அவன் சாவியைச் சுழற்றிக்கொண்டே எழுந்தான்.

"நீ நடந்து வந்துடு மூக்கி, நான் காரோட வெளிய நிக்கிறேன். சாயங்காலம் வரைக்கும் ஜாலி."

"சரி" என்றேன். பொய் சொல்லும்போதுகூட அவன் குரல் கொஞ்சமும் பிசகவில்லை. எத்தனை நாள் பழக்கமோ தெரியவில்லை.

எல்லோரும் இறங்கினார்கள். நகம் பிய்த்த பெரியவரும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே இரும்புப் பலகை சாய்ந்து விழுந்தது, மீன் லாரி இறங்கியது, அதன் பின்னால் நாத்தனார் வீட்டுக் கார். அவன் தலையை வெளியே நீட்டி, நடந்து போகிறவர்களுக்குள் என்னைத் தேடினான். பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்துத் தள்ளிக்கொண்டே இருந்தார்கள், அவனால் நிற்க முடியவில்லை. அந்தப் பக்கமிருந்து திரும்ப வேண்டிய வண்டிகள் வரிசையாக ஏறின. இடம் நிறைந்ததும் பலகை மேலே எழுந்தது. நான் போனை உயிர்ப்பித்தேன். அத்தையிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது: சந்தோஷமா இருந்துட்டு வாம்மா. அழித்தேன். அதற்குள் அவன் கூப்பிட்டான்.

"எங்க இருக்க? எல்லாரும் இறங்கிட்டாங்களே!"

"படகுல."

"விளையாடாத மூக்கி. படகு கிளம்பப் போகுது."

"கிளம்பட்டும். துறையிலேர்ந்து நேர் பஸ் இருக்கு. நாளைக்குக் காலையில டெஸ்ட்டுக்குப் போகணும்."

"யாரு... யாரு உன்கிட்ட என்ன சொன்னா?"

"நீதான். கழிப்பறை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்னு."

இப்போது அவன் குரல் பிசகியது. "ஐயோ, அப்படி இல்லடி. அம்மா பயந்துட்டாங்க, நீ என்னைப் பிரிச்சிடுவியோன்னு. வயசானவங்க, அவங்க மனசு நோகாம ஏதோ ஒண்ணு பண்ணேன். உனக்குத்தானே நான்? வேலைக்கு இன்னொரு வாய்ப்பு வராமலா போகும்? பிள்ளை பெத்துக்கறதும் எப்பவாவது உண்டுதானே? நீ டெஸ்ட்டுக்கு மட்டும் போகாத. வீட்டுக்கு வா. உக்காந்து நாம பேசி முடிவு பண்ணுவோம்."

படகின் எஞ்சின் உறுமியது. கரையில் அவன் காரை விட்டு இறங்கி, ஒரு கையில் போனோடு தண்ணீர் வரை ஓடி வந்து நின்றான். மஞ்சள் கரு பட்ட சட்டையில் இங்கிருந்து பார்க்கும்போது சின்னப் பிள்ளை மாதிரிதான் இருந்தான்.

"நீங்க பேசி முடிவு பண்ணிக்கோங்க" என்றேன்.

"என்னது, புதுசா நீங்க வாங்கன்னு மரியாதையெல்லாம்?" என்று சிரிக்கப் பார்த்தான்.

"மரியாதை இல்ல. உங்க ரெண்டு பேரையும் சொன்னேன்."