மேட்டுத் தெருவில் விழாதவன்

மேட்டுத் தெருவில் ஆண்கள் ஹீல்ஸ் போட்டுக்கொள்ள வருடத்தில் ஒரே ஒரு நாள் உண்டு. கார்னிவல் திருவிழாவுக்கு முந்தைய ஞாயிறு. அன்று மீன் இறக்குகிறவன், பஸ் ஓட்டுகிறவன், போலீஸ்காரன் என்று ஆளாளுக்கு மனைவியின் கவுனுக்குள் தொந்தியைத் திணித்துக்கொண்டு, மீசைக்குக் கீழே லிப்ஸ்டிக்கை அப்பிக்கொண்டு, தலையில் ஜன்னல் திரையைக் கட்டிக்கொண்டு மணப்பெண்களாக ஊர்வலம் போவார்கள். கீழே மீன் சந்தையில் எக்காளமும் முரசும் தொடங்கும். மேலே தேவாலயப் படிக்கட்டில் போய் முடியும். இடையில் இருப்பதெல்லாம் செங்குத்தான ஏற்றம், கருங்கல் பாவியது, ஒரு கல்லும் இன்னொரு கல்லும் ஒத்துப்போகாது. யார் அதிகமாக விழுகிறானோ அவனுக்கு ஒரு பெட்டி பீர். படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்கள்தான் நடுவர்கள்.

செருப்பை மட்டும் இரவல்தான் வாங்க வேண்டும். மனைவியிடமோ அக்காவிடமோ மாமியாரிடமோ கெஞ்சி வாங்குவதே ஊர்வலத்தில் பாதிக் கூத்து. இப்படித்தான் என்று யாரும் சட்டம் போடவில்லை, ஆனால் வேறு மாதிரி செய்தவனும் இல்லை. பெண்களின் சின்னச் செருப்புக்குள் இந்தத் தடிக் கால்கள் எப்படி நுழையும்? குதிகாலில் பாதி வெளியே தொங்கும். அதனால் விழுகிறார்கள். விழுவதால் சிரிப்பு வருகிறது. சிரிப்பு வருவதால் அது தப்பில்லை.

இந்தக் கணக்கு வால்மிருக்குப் புரியவில்லை. முப்பது வயது தாண்டியும், பிறந்த தெருவிலேயே இருந்தும், வருடா வருடம் அதே கூத்தைப் பார்த்தும் புரியவில்லை. நல்லவன்தான், ஆனால் இந்த விஷயத்தில் அடிமுட்டாள்.

அவன் தெருவின் அடிவாரத்தில் அக்கா புருஷன் ஜெர்சினோவின் டயர்க் கடையில் வேலை பார்த்தான். தங்குவது மேலே, அக்கா லெனிராவின் வீட்டுக்குப் பின்னாலிருந்த அறையில். அந்த அறையில், கட்டிலுக்கு அடியில், ஒரு ஜோடி அடர்சிவப்பு ஹீல்ஸ் இருந்தது. இரவல் இல்லை. ரெசிஃபே நகரத்தில் நாடகக்காரர்களுக்குச் செருப்பு தைக்கும் ஒருவரிடம் காலை வைத்து வரைந்து, அளவு கொடுத்துச் செய்தது. எல்லோரும் மதியம் தூங்கும்போது பின்கட்டுத் துவைகல்லைச் சுற்றிச் சுற்றி அதில் நடந்து பழகினான். முதலில் சுவரைப் பிடித்தபடி, பிறகு கையை வீசி.

அதைப் போட்டால் அவனுக்கு முதுகு நிமிர்ந்தது. நாள் முழுக்க டயருக்கு முன்னால் குனிந்து கிடக்கிற முதுகு அது. தரையில் விழும் அந்தச் சத்தமும் பிடித்திருந்தது. இதற்கு மேல் காரணம் கேட்டால் அவனிடம் இல்லை. காரணம் ஏன் வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. அவனுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: பட்டப்பகலில் அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்க வேண்டும், எல்லோரையும் போல ரொட்டி வாங்கிக்கொண்டு ஏறி வர வேண்டும். அதைச் செய்தால் கடை வேலை போகும், தெருவில் தலைகாட்ட முடியாது என்பதும் தெரியும். அதனால்தான் துவைகல்லைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

ஒரு நாள் கொடியில் துணி எடுக்க வந்த லெனிரா பார்த்துவிட்டாள். கத்தவில்லை. துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"ஆசையா இருந்தா ஞாயித்துக்கிழமை போட்டுக்கோடா. ஊரே போடுது. அந்தக் கூட்டத்துல உன் காலை எவன் பாக்கப் போறான்?"

அவனுக்கும் அது சரியாகப் பட்டது. ஹீல்ஸ் போட்டவன் தனியாகத் தெரியாத ஒரே நாள். முதலில் அன்று நடந்து பார்ப்போம், தைரியம் வந்தால் மற்ற நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

ஞாயிறன்று மீன் சந்தையில் அவன் போய் நின்றபோது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கரும்புச் சாராயம் கைமாறியது. ஜெர்சினோ, லெனிரா தேவாலயப் பூஜைக்குப் போட்டுப் போகிற செருப்பில் காலை நுழைத்துவிட்டு மாடு மாதிரி மூச்சு வாங்கினான். மீன் கூடை தூக்கும் பியாபா, சொந்தப் பெயர் வேறு ஏதோ, பியாபா என்கிற பொடிமீனின் பெயரைச் சொல்லித்தான் எல்லோரும் கூப்பிடுவார்கள், வால்மிரின் இடுப்பில் கையைப் போட்டான்.

"என்னா மணப்பொண்ணே, இன்னிக்கு எத்தனை தடவை மண்ணைக் கவ்வப் போற?"

எக்காளம் ஊதியது. கிளம்பினார்கள்.

தொடங்கியதும் இரண்டு பேர் விழுந்தார்கள். அவர்கள் மேல் மூன்றாமவன் விழுந்தான். பால்கனிகளிலிருந்து கைதட்டல். வால்மிர் நடந்தான். முன்பாதத்தில் பாரத்தை இறக்கி, கல்லின் நடுவில் காலை வைத்து, இடுக்குகளைத் தவிர்த்து. முதலில் பயமாக இருந்தது. பிறகு முரசு காலுக்குள் வந்துவிட்டது. பகல் வெளிச்சத்தில், இவ்வளவு பேருக்கு முன்னால், நிமிர்ந்து போய்க்கொண்டிருந்தான். இவ்வளவு சந்தோஷமாக அவன் இருந்ததே இல்லை. பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு போனான்.

ரொட்டிக் கடை அருகில் வந்தபோது பியாபா ஏற்கெனவே பலமுறை விழுந்து முட்டியைச் சிராய்த்திருந்தான். எழுந்து நின்று வால்மிரைப் பார்த்தான்.

"டேய், இவன் ஏன்டா விழவே மாட்டேங்கறான்?"

சிலர் திரும்பினார்கள். பியாபாவின் பார்வை கீழே போனது.

"அது யாரு செருப்புடா?"

'அத்தை மகளுடையது' என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவு பெரிய காலோடு அத்தை மகள் யாரும் இல்லை என்றாலும் அன்று எல்லோரும் நம்பியிருப்பார்கள், நம்ப ஆசைப்பட்டிருப்பார்கள். வால்மிர் சந்தோஷத்தில் இருந்தான். சந்தோஷத்தில் இருப்பவனுக்குப் பொய் சட்டென்று வராது.

"என்னோடதுதான்."

"உன்னோடதுன்னா?"

"அளவு கொடுத்து செஞ்சது."

பியாபா சிரிக்க வாயைத் திறந்தான். சிரிப்பு வரவில்லை. பக்கத்திலிருந்தவனிடம் ஏதோ சொன்னான், அவன் அடுத்தவனிடம் சொன்னான். வாத்தியம் நிற்கவில்லை, ஆனால் அவனைச் சுற்றி இடம் காலியானது. ஊர்வலம் அவனுக்கு முன்னும் பின்னும் விலகிப் போக, நடுவில் அவன் மட்டும் நன்றாக நடந்துகொண்டிருந்தான். ஒரு பால்கனியிலிருந்து சப்பிப்போட்ட மாங்கொட்டை வந்து அவன் தோளில் பட்டுச் செருப்பின் மேல் விழுந்தது. அது விளையாட்டாக எறிந்தது இல்லை.

ஜெர்சினோ தத்தித் தத்தி அவன் பக்கத்தில் வந்தான். கட்டியிருந்த திரை கண்ணை மறைத்தது. முகமெல்லாம் வேர்வையும் லிப்ஸ்டிக்கும்.

"விழு," என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு.

"என்ன மச்சான்?"

"ஒரு தடவை விழுந்து தொலைடா. எல்லாரும் சிரிச்சிட்டு விட்டுருவாங்க. என் மானத்தை வாங்காத."

"எனக்கு விழ வரல மச்சான்."

"வரலையா? நான் வர வைக்கிறேன்."

இரண்டு கையாலும் தள்ளினான். வால்மிர் ஒரு காலைப் பின்னால் வைத்து, முட்டியை மடித்து, தாங்கிக்கொண்டான். துவைகல்லடி வழுக்கலில் பழகிய கால் அது. தள்ளின வேகத்தில் ஜெர்சினோவின் பாதிக் கால் செருப்பிலிருந்து நழுவி, கணுக்கால் முறுக்கிக்கொள்ள, அவன் கருங்கல்லில் பொத்தென்று விழுந்தான். பூஜைச் செருப்பின் ஹீல் தனியாக உருண்டோடியது. தெருவே வெடித்துச் சிரித்தது. மேலே படிக்கட்டுப் பெண்கள் எழுந்து நின்று சிரித்தார்கள். எத்தனை தடவை என்ற கணக்கையே பார்க்காமல், அந்த ஒரு விழுதலுக்காகவே அந்த வருடப் பீர்ப் பெட்டி ஜெர்சினோவுக்குத்தான் என்றார்கள்.

வால்மிர் ஒரு முறைகூட விழாமல் படிக்கட்டை அடைந்தான். அவன் வர வர அந்தப் பெண்கள் பாவாடையை ஒதுக்கிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்கள்.

அன்று சாயங்காலம் லெனிரா அவன் அறை வாசலில் வந்து நின்றாள். வீட்டுக்குள் அவள் புருஷன் ஐஸ் கட்டியைக் காலில் வைத்துக்கொண்டு கெட்ட வார்த்தையில் முனகுவது கேட்டது.

"நீ ஏன்டா நல்லா நடந்த?"

"நீதானேக்கா போட்டுக்கச் சொன்ன?"

"போட்டுக்கன்னுதான் சொன்னேன். நடன்னா சொன்னேன்?" அவள் குரல் உடைந்தது. கோபமா அழுகையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. "காலையில அதைக் கடல்ல வீசிட்டு, எப்பவும் போடற ரப்பர் செருப்போட கடைக்குப் போ. அவர்கிட்ட நான் பேசிக்கறேன். கார்னிவல் முடியறதுக்குள்ள எல்லாரும் மறந்துருவாங்க."

அவள் போன பிறகு வால்மிர் செருப்பைத் துடைத்தான். மாம்பழச் சாறு தோலில் ஒட்டியிருந்தது. விழுந்தால் விட்டுவிடுவார்கள் என்று மச்சான் சொன்னது உண்மைதான். இனி என்றைக்காவது ஒரு நாள் தடுக்கி விழுந்து காட்டினால்கூட விட்டுவிடுவார்கள். அதை நினைக்க நினைக்க அவனுக்கு ஆத்திரம் பொங்கியது. பயம் போய்விடவில்லை. ஆனால் ஆத்திரம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

திங்கட்கிழமை காலை கிரீஸ் படிந்த வேலை உடுப்பை மாட்டிக்கொண்டான். காலில் சிவப்பு ஹீல்ஸ். வாரை இறுக்கி மாட்டினான். கவுன் இல்லை, திரை இல்லை, முரசு இல்லை. கீழே இறங்கினான்.

ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம். தெருவில் முதலில் ஒரு ஜன்னல் சாத்திக்கொண்டது. பிறகு ஒவ்வொரு வாசலாக ஆட்கள் வந்து நின்றார்கள். முந்தைய நாள் மணப்பெண்களாக இருந்த அதே ஆட்கள்தான். சிலர் இமையில் இன்னும் நீல மை இருந்தது. ஒருவன் காறித் துப்பினான்.

ரொட்டிக் கடையில் தோனா அல்சீரா இருந்தாள். அவளுக்குப் பின்னால் கூடை நிறைய ரொட்டியில் ஆவி பறந்தது.

"ரொட்டி இல்ல," என்றாள், அவன் வாயைத் திறப்பதற்குள்.

"பின்னாடி இருக்கே."

"அதெல்லாம் சொல்லி வெச்சது."

"யாரு சொல்லி வெச்சது?"

"யாரோ. நீ இல்ல. கிளம்பு, கடைக்கு ஆளுங்க வரணும்."

டயர்க் கடையில் ஜெர்சினோ கட்டுப் போட்ட காலை ஒரு லாரி டயர் மேல் நீட்டி உட்கார்ந்திருந்தான். பியாபாவும் இன்னும் சிலரும் அவன் ஜெயித்த பீரைக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"கழட்டிட்டு உள்ள வா," என்றான் ஜெர்சினோ.

"சாயங்காலம் வீட்டுல போய் கழட்டறேன் மச்சான். இப்ப ஜாக்கியை எடுக்கவா?"

"என் கடையில நீ இதோட நின்னா எவன்டா வண்டியை நிறுத்துவான்?"

"நேத்து நீயும்தானே போட்டிருந்த?"

"நான் விழுந்தேன்டா!" வீங்கின காலைத் தூக்கிக் காட்டினான், ஏதோ சர்டிஃபிகேட்டை நீட்டுவதைப் போல. "பாரு. விழுந்தேன். ஊருக்கே தெரியும்."

வால்மிர் அந்தக் காலைப் பார்த்தான்.

"போடா. இனி இந்தப் பக்கம் வராத. உன் அக்கா மூஞ்சிக்காகத்தான் வாயால சொல்றேன்."

அவன் திரும்பினான். இப்போது தெரு முழுக்க ஆள். சந்தையிலிருந்துகூட வந்திருந்தார்கள். அவர்கள் எதற்காக நிற்கிறார்கள் என்று அவனுக்குத் தெரிந்தது. அவன் விழ வேண்டும். விழுந்துவிட்டால் நேற்று மாதிரி ஆகிவிடும், சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். பியாபா செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

"விழுடா," என்று யாரோ சொன்னார்கள், கெஞ்சுவதைப் போல.

பாதி ஏற்றத்தில் இரண்டு கற்களுக்கு நடுவே இடது ஹீல் மாட்டிக்கொண்டது. உடம்பு ஆடியது. தெரு மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஒரு பெண் சிரிப்பதற்குத் தயாராக வாயில் கையை வைத்துக்கொண்டாள். வால்மிர் நின்றான். முட்டியை மெல்ல மடித்தான். குனியாமல், எதையும் பிடிக்காமல், ஹீலைப் பின்பக்கமாக இழுத்து விடுவித்தான். அடுத்த கல்லின் நடுவில் காலை வைத்தான். மேலே நடந்தான்.

பியாபா செல்போனை இறக்கிக்கொண்டான். அன்று மேட்டுத் தெருவுக்குச் சிரிக்க ஒன்றுமே கிடைக்கவில்லை. கிடைக்காத எரிச்சலில் ஒவ்வொருவராகக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

வீட்டு வாசலில் லெனிரா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எல்லாவற்றையும் பார்த்திருந்தாள்.

"ஒரு தடவை விழுந்திருக்கலாம்லடா," என்றாள்.

அவன் அவளைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போகிற வழியில் ஒரு நிமிடம் நின்றான்.

"ரொட்டி கிடைக்கலக்கா," என்றான். "நாளைக்கும் போறேன்."