பதினோராம் அத்தியாயத்துக்கும் பன்னிரண்டாம் அத்தியாயத்துக்கும் நடுவில்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றவில்லை. மாடிப்படி ஏறி வந்து கதவைத் தட்டியது.

முதலியார்பேட்டையில் நான் குடியிருக்கும் தெருவில், எதிர்வீட்டுப் பெண். வயது இருபது. மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் வருடம். நான் தொடர்கதை எழுதும் வார இதழின் பழைய பிரதிகள் இரண்டைக் கையில் வைத்திருந்தாள்.

"ஆன்ட்டி, பதினோராவது அத்தியாயத்துல உங்க கதாநாயகி காலேஜுக்கு முழுக்குப் போட்டுடறா. ஒரே வரிதான். பன்னெண்டாவதுல நேரு வீதியில கடை தெறந்து கல்லாவுல உக்காந்திருக்கா."

"ஆமா."

"நடுவுல ஒரு வாரம் இருக்குல்ல? வீட்ல எப்படிச் சொன்னா? அவங்கப்பா என்ன பண்ணாரு? தெருவுல என்ன பேசினாங்க?"

வாசகர்கள் எதையெதையோ கேட்பார்கள். கல்யாண மண்டபத்தில் பச்சைப் புடவையோடு நுழைந்தவள் எப்படி நீலப் புடவையோடு வெளியே வந்தாள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அந்த வாரத்தைப் பற்றி இதுவரை யாரும் கேட்டதில்லை. அந்த வாரம் எனக்குப் பல்வலி என்று இவளிடம் எப்படிச் சொல்வது?

"நீ எதுக்கும்மா கேக்குற?"

"நான் விடப் போறேன் ஆன்ட்டி. எப்படி விடறதுன்னு தெரியல."

அந்த ஒரு வாரத்தை எழுதிப் பார்க்கும் முயற்சிதான் நீங்கள் படிப்பது. பெயர்களையெல்லாம் மாற்றியிருக்கிறேன். அவளுடைய பெயரை அவளே தேர்ந்தெடுத்தாள்: கவிநிலா. (எனக்குப் பிடிக்கவில்லை. தொடர்கதைப் பெயர் மாதிரி இருக்கிறது என்றேன். "நீங்க சொல்றீங்களா?" என்றாள். விட்டுக்கொடுத்தேன்.)

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

தொடக்கம் ஒன்று: அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில் டாக்டர் சீட்டு வாங்கிய கவிநிலாவுக்குத் தெருமுனையில் பேனர் கட்டியிருந்தார்கள். வெயிலில் வெளுத்துப்போன அந்த பேனரில் அவள் முகம் —

வேண்டாம். பேனரில் தொடங்கினால், போகப்போக யாராவது அதைக் கிழிக்க வேண்டியிருக்கும். யாரும் கிழிக்கவில்லை.

தொடக்கம் இரண்டு: வீராம்பட்டினம் தேரன்று விடியற்காலை சுலோசனா செத்துக் கிடந்தாள்.

இதுவும் வேண்டாம். முதல் வரியில் சாவு வந்தால் நீங்கள் கொலைகாரனைத் தேட ஆரம்பிப்பீர்கள். உங்களை அப்படிப் பழக்கியவர்களில் நானும் ஒருத்தி.

தொடக்கம் மூன்று: எங்கள் தெருவில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தவள், சேர்ந்த அன்றைக்கே டாக்டர்.

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

எங்கள் தெருவில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தவள், சேர்ந்த அன்றைக்கே டாக்டர். தெருவில் பாதி, மூடிப்போன மில்லில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள். கவிநிலாவின் அப்பா இராமதாஸ் தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் லோடு ஏற்றுகிறார். அம்மா மாலா ஜவுளிக்கடையில் புடவை பிரித்துக் காட்டுகிறார். இந்தத் தெருவிலிருந்து இதற்குமுன் யாரும் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு பஸ் ஏறியதில்லை.

முதல் மாதமே ஆரம்பித்துவிட்டது. "டாக்டரம்மா, இந்த ஸ்கேன்ல இன்னா போட்ருக்கு பாரு." "டாக்டரம்மா, ரெண்டு மாத்திரையும் ஒண்ணா போடலாமா?" அப்போது அவள் எலும்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். அதைச் சொல்லியும் இருக்கிறாள். யாரும் கேட்கவில்லை. மாலா வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்தார். கொஞ்ச நாளில் கவிநிலாவும் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

தேருக்கு முந்தைய நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டுச் சக்கரபாணி வந்து கூப்பிட்டார். கடற்கரைப் பக்கம் ஒரு ஓட்டலில் வாட்ச்மேன். மனைவி சுலோசனாவுக்கு நெஞ்செரிச்சல், வயிறு உப்புசம் என்றார். கவிநிலா போனாள். நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார்கள். உட்கார்ந்து, மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள்.

"கேஸ்தான் பெரிம்மா. சுடுதண்ணி குடிச்சிட்டுப் படுங்க. காலையில சரியாயிடும்."

"டாக்டரே சொல்லிடுச்சு, அப்புறம் இன்னா?" என்று சுலோசனா சிரித்தார்.

மறுநாள் அவருக்கு விடியவில்லை.* மாரடைப்பு.

*இது தொடர்கதை வாக்கியம். அடிக்கப் போனேன். வேறொன்று கிடைக்கவில்லை.

இதை என்னிடம் சொன்னபோது கவிநிலா அழவில்லை. "சிரிச்சாங்க ஆன்ட்டி" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு, "அந்தக் குரல் எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியல. எங்க ப்ரொபசர் குரல் மாதிரியே இருந்துச்சு. எனக்கே நல்லா இருந்துச்சு. அதான் விடறேன்."

4

புதன்கிழமை வீட்டில் சொன்னாள். காரணத்தை மட்டும் சொல்லவில்லை. எதிர்வீடு என்பதால் பாதி காதில் விழுந்தது. மீதியை அவள் சொன்னாள்.

"ஃபெயிலாயிட்டியா? சொல்லிடு, அடிக்க மாட்டேன்." இது மாலா.

"பாஸ்மா."

"அப்ப லவ்வா?"

"இல்லம்மா."

"ரெண்டும் இல்லாம எவளாவது காலேஜ விடுவாளா? யாரைடி ஏமாத்துற?"

கடைசியில் இராமதாஸ், "பேனரு கூட இன்னும் எறக்கல" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு, "திங்கக்கெழம நானும் வரேன். அப்பன் கையெழுத்துக் கேப்பாங்க" என்றார்.

(என் கதாநாயகியின் அப்பா இந்த இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருப்பார். நிஜத்தில் கையெழுத்துப் போட வருகிறேன் என்கிறார்கள். இதற்கு என்ன வசனம் எழுதுவது?)

5

இப்போது எனக்குப் பிடிபடாத பாத்திரம். சக்கரபாணி.

பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, வந்தவர்களிடமெல்லாம் அவர் சொன்னது இதுதான்: "டாக்டரம்மா வந்து பாத்துச்சு. நம்ம விதி." பதினாறாம் நாள் முடிந்ததும் தன் பிரஷர் மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு அதே பெண்ணிடம் போய் நின்றார். அவள் உள்ளே ஓடிவிட்டாள்.

வார இதழிலிருந்து உதவி ஆசிரியர் பிரேம்குமார் போன் செய்தார். பாதிக் கதையை அனுப்பியிருந்தேன்.

"மேடம், இப்படியொரு மனுஷன் கெடையவே கெடையாது. ஒரு அறையாவது விடணும். வாசகர் நம்ப மாட்டாங்க."

"நிஜத்துல விடலையே, பிரேம்."

"நிஜத்துல ஆயிரம் நடக்கும் மேடம். கதையில நடக்கக் கூடாது."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எழுதிப் பார்த்தேன்:

சக்கரபாணி அவள் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தார். "கொன்னுட்டியேடி" என்று —

அதற்கு மேல் பேனா நகரவில்லை. ஆனால் அவருடைய பொறுமையையும் நம்ப முடியவில்லை. இத்தனை வருடம் எழுதியதில் ஒன்று கற்றிருக்கிறேன்: ஒரு பாத்திரம் தேவைக்கு மேல் நல்லவராக இருந்தால், எதையோ எழுதாமல் விட்டிருக்கிறோம். சனிக்கிழமை மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன்.

6

(இந்தப் பகுதி சக்கரபாணியின் அனுமதியோடு வெளியாகிறது. "என் பேர மாத்திடு, நடந்தத மாத்தாத" என்றார்.)

"அந்தப் பொண்ணு படிப்ப விடப் போவுதுண்ணே" என்றேன்.

சக்கரபாணி சட்டையில்லாமல் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நின்றது.

"எதுக்கு?"

"உங்க வீட்ல நடந்ததுக்கு."

கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தார்.

"இடது கையி இழுக்குதுன்னு சொன்னாம்மா அவ. தோள்லேர்ந்து விரல் வரைக்கும். வேர்த்துக் கொட்டுச்சு. டிவியில எத்தினி தபா பாத்திருக்கேன், அது இன்னான்னு எனக்குத் தெரியாதா?"

துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மறுநாளு தேரு. எங்க பொண்ணு புள்ளைங்கள கூட்டிக்கினு கடலூர்லேர்ந்து வருது. ஆஸ்பத்திரிக்குப் போனா படுக்க வெச்சிருவான். அவளும் வேணான்னா. யாராச்சும் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாப் போதும்னு இருந்துச்சு ரெண்டு பேருக்கும். பெரிய டாக்டரு அப்படிச் சொல்ல மாட்டான். அதான் இந்தப் பொண்ண கூப்ட்டேன். கையி இழுக்கறத சொல்லவே இல்ல. நெஞ்சு எரியுது, வயிறு உப்பிக்கிச்சுன்னு மட்டும் சொன்னேன். அவளுக்கும் கண்ண காட்டிட்டேன், நீ வாயத் தெறக்காதேன்னு."

"இத அவகிட்ட சொன்னீங்களா?"

"எப்படிச் சொல்லுவேன்? டாக்டரம்மா பாத்துச்சுன்னு சொல்லும்போதெல்லாம் எனக்கு மூச்சு வுட முடியுது."

சட்டையை மாட்டிக்கொண்டு அன்றே அவர் கவிநிலாவின் வீட்டுக்குப் போனார். என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். மாலா நாற்காலி போட்டார். அவர் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார். மாலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். இராமதாஸும் கவிநிலாவும் அசையாமல் கேட்டார்கள். எனக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எழுதியிருப்பேனா, தெரியவில்லை.

இங்கே கதை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அவள்மேல் தப்பில்லை, எனவே அவள் படிப்பாள். அச்சுக்குப் போகத் தயாரான முடிவு.

7

ஞாயிற்றுக்கிழமை கவிநிலா மேலே வந்தாள்.

"அவரு சொன்னதால எதுவும் மாறல ஆன்ட்டி."

"அவரு மறைச்சிட்டாரும்மா. உனக்கு எப்படித் தெரியும்?"

"கையில வலி இருக்கான்னு நான் கேட்டிருக்கணும். ரெண்டாவது வருஷத்துல அதத்தான் முதல்ல சொல்லித் தராங்க, என்ன கேக்கணும்னு. கேட்டிருந்தா பெரிம்மா பொய் சொல்லியிருக்க மாட்டாங்க. நான் கேக்கல. அவங்களுக்கு கேஸ்னு காதுல விழணும். எனக்கு டாக்டர்னு காதுல விழணும். அவங்க கேட்டாங்க, நான் குடுத்தேன்."

ஜன்னல் பக்கம் திரும்பி, "ஆயுசு பூரா இப்படித்தான வருவாங்க? ஒண்ணுமில்லன்னு சொல்லுன்னு மூஞ்சியிலயே எழுதிக்கிட்டு? என்னால முடியுமான்னு தெரியல" என்றாள்.

என்னிடம் இருந்தவை இரண்டு முடிவுகள்.

முடிவு அ: பத்து வருடங்களுக்குப் பிறகு, இதயநோய் நிபுணர் டாக்டர் கவிநிலா அதே தெருவில் இலவச மருத்துவமனையை —

(பிரேம்குமாருக்கு இது பிடிக்கும். சுலோசனா செத்தது ஒரு மருத்துவமனை கட்டுவதற்காகவா? அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: அவள் படிப்பை விட்டாள். ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக, நிம்மதியாக —

"நிம்மதியான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள், என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு. இதையும் அடித்தேன்.

"ஆன்ட்டி, நாளைக்கு நான் எத செஞ்சாலும் எழுதாதீங்க."

"ஏம்மா?"

"தெருவே உங்க புக்க படிக்குது. எழுதிட்டீங்கன்னா அதான் முடிவுன்னு ஆயிடும். அப்புறம் நான் மனசு மாத்தக்கூட முடியாது."

8

திங்கட்கிழமை காலை. அப்பாவும் மகளும் வாசலில் இறங்கினார்கள். இராமதாஸ் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். கல்லூரியில் பாடம் கேட்கப் போவதற்கும் கடிதம் கொடுக்கப் போவதற்கும் ஒரே பஸ்தான். அதனால் அவர்கள் போன திசையிலிருந்து உங்களுக்கு எதுவும் கிடைக்காது.

கடைசி வீட்டுச் சின்னப்பொண்ணு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"டாக்டரம்மா! சித்த நில்லு. புள்ளைக்கு ரெண்டு நாளா காய்ச்சல், தண்ணிகூட எறங்கல. மாத்திர பேரு மட்டும் சொல்லிட்டுப் போ."

கவிநிலா நின்றாள். குழந்தையின் நெற்றியைத் தொடுவதற்குக் கையைத் தூக்கி, பாதியில் இறக்கிக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாதுக்கா."

"இன்னாடி தெரியாதுன்ற?"

"தெரியாது. இப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. மத்தியானம் வரைக்கும் வெச்சிருக்காதீங்க."

"இதச் சொல்றதுக்கா கோட்டு மாட்டிக்கினு போற வர? போன மாசம் வரைக்கும் எல்லாம் தெரிஞ்சுது?"

கவிநிலா தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"போன மாசமும் தெரியாதுக்கா."

சின்னப்பொண்ணுக்கு அது ஒரு திமிர்ப் பேச்சாகத்தான் பட்டிருக்கும். இராமதாஸ் மட்டும் மகள் பக்கம் திரும்பினார். வீட்டில் அவள் சொல்லாத காரணத்தை சனிக்கிழமை சக்கரபாணி வாயால் அவர் கேட்டிருந்தார். அவள் வாயால் கேட்டது அப்போதுதான். அவளுடைய பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். இருவரும் நடந்தார்கள்.

அந்தப் பைக்குள் கோட்டு இருந்ததா, கடிதம் இருந்ததா என்று எனக்குத் தெரியும். சொல்லப் போவதில்லை. நீங்கள் ஒன்றை முடிவு செய்துகொள்ளலாம். எங்கள் தெருப் பக்கம் வந்தால் அதை அவளிடம் மட்டும் சொல்லாதீர்கள்.

நான் எழுதக்கூடியது இவ்வளவுதான்: சின்னப்பொண்ணு திட்டிக்கொண்டே வீட்டுக்குள் போனாள். புடவையை மாற்றிக்கொண்டு, குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வெளியே வந்து, தெருமுனையில் நின்ற ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.