மணல் தூவிய வாரம்

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றி முடித்தபோது குணவதிக்கு உயிர் தங்கியது. பாதங்கள் இரண்டும்தான் மரத்துப்போயின. குனிந்து பார்க்காவிட்டால், செருப்பு காலில் இருக்கிறதா, வழியில் கழன்றுவிட்டதா என்றுகூடத் தெரியாது. நரம்பு மெல்லச் சரியாகலாம், ஆகாமலும் போகலாம், எப்படியும் தினமும் நடக்க வேண்டும் என்றார் டாக்டர். குணவதியோ ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டில் கட்டிலும் நாற்காலியுமாக இருந்துவிட்டாள்.

நடந்து பார்க்காமல் இல்லை. ஒரு காலையில் மார்க்கெட்டுக்குப் போனவள், மீன்கடை முன்னால் விழுந்துவிட்டாள். அடி பெரிதில்லை. நாலு பேர் ஓடிவந்து தூக்கினார்கள். மீன் விற்ற சீனப் பெண் தன் முக்காலியைக் கொடுத்து உட்காரவைத்து, முகத்தைத் துடைத்தும் விட்டாள். அந்த அன்பைத்தான் குணவதியால் தாங்க முடியவில்லை. விடியுமுன் கம்பெனி பஸ் ஏறி, கடல் பாலம் தாண்டி மாக் மண்டின் தொழிற்சாலைக்குப் போய், வருடக்கணக்காக நின்றபடியே வேலை பார்த்தவள் அவள். அன்றைக்கு வீட்டுக்குள் போனவள்தான், பிறகு வாசலைத் தாண்டவில்லை. மகள் பிரமிளா கோலாலம்பூரிலிருந்து போனில் கெஞ்சுவாள், கோபிப்பாள். இவள் சரி சரி என்று கேட்டுக்கொள்வாள்.

கணவர் சுகுமாரன் கெஞ்சவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. கோல்ஃப் மைதானத்தில் புல் பராமரிக்கும் வேலை அவருக்கு. மாலையில் வந்து குளித்ததும் அவளுடைய பாதங்களை மடியில் எடுத்து வைத்துத் தேங்காயெண்ணெய் தேய்ப்பார். பேச்சு குறைவுதான் என்றாலும் அந்த நேரத்தில் மட்டும் மைதானத்துச் சமாச்சாரம் ஏதாவது சொல்வார்.

வருடத்துக்கொரு முறை, பங்குனிக் கடைசியில், மழை பிடிப்பதற்கு முன், மைதானத்தை ஒரு வாரம் மூடுவார்கள். பந்தைக் குழிக்குள் தள்ளும் இடத்தில் புல்லைத் தரைவிரிப்பு மாதிரி ஒட்ட வெட்டியிருப்பார்கள். அதற்குக் கிரீன் என்று பெயர். ஆட்டக்காரர்கள் மிதித்து மிதித்து அங்கே மண் இறுகிவிடும். வேருக்குக் காற்றும் தண்ணீரும் இறங்க வேண்டுமே. இயந்திரத்தால் விரல் பருமனுக்குத் துளைகள் போட்டு, வெளியே வந்த மண்ணை வாரிவிட்டு, மேலே மணலைத் தூவி, அகலமான பிரஷ்ஷை இழுத்து இழுத்துத் துளைகளை நிரப்புவார்கள்.

அந்த வருடம் மூடியிருந்தபோது ஒரு மாலையில், எண்ணெய் தேய்த்துக்கொண்டே சுகுமாரன் கேட்டார்.

"நாளைக்கு என்கூட வர்றியா? வேலைக்குத்தான். அங்க ஆட்டக்காரங்க யாரும் இருக்கமாட்டாங்க. சிக்கந்தர்கிட்டயும் சொல்லிட்டேன்."

சிக்கந்தர் அவருடைய சூப்பர்வைசர். கல்யாணமாகி இத்தனை காலத்தில் கணவர் வேலை செய்யும் இடத்தைக் குணவதி பார்த்ததே இல்லை. பஸ்ஸில் போகும்போது வேலிக்கு அப்பால் பச்சையாகத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் அவளை அசைத்தது அதுவல்ல. யாரும் இருக்கமாட்டார்கள் என்றாரே, அதுதான். விழுந்தால் தூக்கிவிட ஓடிவர ஆள் இருக்காது.

மறுநாள் காலையில் பழைய கஞ்சில் காரில் அவளைக் கூட்டிப்போனார். இயந்திரக் கொட்டகைக்குப் பின்னால் பயிற்சிக்கென்று ஒரு சின்ன கிரீன் இருந்தது. புல்லே தெரியாதபடி மணல் மூடி, அப்போதுதான் விரித்த வேட்டி மாதிரி கிடந்தது. சுகுமாரன் அவள் முன்னால் முட்டி போட்டுச் செருப்பைக் கழற்றினார். குணவதி காலை இழுத்துக்கொண்டாள். வெறுங்காலோடு நடக்கவே கூடாது, ஏதாவது குத்தினாலும் தெரியாது என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"இங்க ஒன்னும் குத்தாது. வா," என்றார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மணலில் நடக்கிறோம் என்று கண் சொன்னதே தவிர, கால் ஒன்றும் சொல்லவில்லை. பாதி தூரம் போய்த் திரும்பிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

வலது கால் தடங்கள் ஐந்து விரலும் குதிகாலுமாகச் சுத்தமாக விழுந்திருந்தன. இடது கால் தடங்கள் அப்படியில்லை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் மணலில் ஒரு கோடு. பெருவிரல் தரையை உரசிக்கொண்டே வந்திருக்கிறது. மார்க்கெட்டில் ஈரத்தில் வழுக்கியதாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

கணவரின் கையை விட்டுவிட்டு, இடது முழங்காலைக் கொஞ்சம் தூக்கி வைத்துப் பார்த்தாள். கோடு குட்டையானது. இன்னும் தூக்கினாள். கிரீனின் ஓரம் வரை போய்த் திரும்பியபோது பழைய தடமும் புதிய தடமும் குழம்பிக் கிடந்தன.

"இதக் கொஞ்சம் அழிச்சி விடுங்களேன்," என்றாள்.

சுகுமாரன் பிரஷ்ஷை எடுத்து ஓர் இழுப்பு இழுத்தார். மணல் மறுபடி வெறுமையானது. அவள் நடந்தாள். அவர் பின்னாலேயே வந்து அழித்தார். அவள் திரும்பி நடந்தாள். வெயில் ஏறும்வரை இதே வேலையாக இருந்தார்கள் இருவரும்.

அந்த நேரத்தில் சிக்கந்தர் மைதானத்துக்குள் ஓட்டும் பக்கி வண்டியில் வந்து இறங்கினான். வேலை நடக்கிற இடத்தைக் கெடுத்துவிட்டோமே என்று குணவதிக்கு உடம்பு கூசியது. சுகுமாரனும் எல்லாவற்றையும் சரி செய்துவிடுவதாகத் தடுமாறிச் சொன்னார். எப்படியும் பலமுறை இழுக்க வேண்டிய மணல்தானே அண்ணே என்றான் சிக்கந்தர். பிறகு குணவதி பக்கம் திரும்பினான்.

"அண்ணி, நேத்து சாயங்காலம் எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு. அண்ணன் மட்டும் இங்க முட்டி போட்டு, மணலக் கையால தடவிக்கிட்டு இருந்தாரு. மோதிரம் கீதிரம் விழுந்திருச்சாக்கும்னு நானும் தேட வந்தேன். கல்லு, கம்பி எதாச்சும் கெடக்குதான்னு பாக்குறாராம்லா. ஒரு எடம் விடல."

 சுகுமாரன் காதெல்லாம் சிவந்து, தேவையே இல்லாமல் பிரஷ்ஷை இன்னொரு முறை இழுத்துக்கொண்டிருந்தார். தான் அழுதால் அவர் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார் என்பது குணவதிக்குத் தெரியும். அதனால் அழாமல், அவர் பார்க்கட்டும் என்று ஒரு நடை நடந்தாள், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை.

அதற்குப் பிறகு தினமும் போனாள். ஒருநாள் வேகமாகத் திரும்பப் பார்த்து விழுந்துவிட்டாள். சுகுமாரன் பிரஷ்ஷை எறிந்துவிட்டு ஓடிவந்தார்.

"கிட்ட வராதீங்க. நானே எந்திரிக்கிறேன்."

கையை ஊன்றி, முழங்காலை ஊன்றி எழுந்தாள். மணலில் அவளுடைய முழு உருவமும் பதிந்து கிடந்தது. அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிப்பதைக் கண்டு அவரும் சிரித்தார். மருந்து ஏற்றத் தொடங்கியதிலிருந்து அவர் வாய்விட்டுச் சிரித்து அவள் பார்த்ததில்லை. அவர் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, பாதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் விட்டார்.

மூடியிருந்த கடைசி நாளுக்கு முந்தின இரவு நல்ல மழை. விடிந்து போய்ப் பார்த்தால், மணல் முழுவதும் துளைகளுக்குள் இறங்கிவிட்டிருந்தது. அதன் மேல் ஊசி ஊசியாகப் புதுப் புல். தடம் விழ இடமில்லை. குணவதி செருப்பை மாட்டிக்கொண்டாள். அப்பால் ஒரு மேட்டைக் காட்டி, அங்கே ஏறினால் கடல் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றார்.

இருவரும் நடந்தார்கள். பிரஷ் இல்லாத கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார். அவள் முழங்காலைத் தூக்கித் தூக்கி வைத்தாள். மேட்டில் பாதிக்கு மேல் கீழே பார்க்கவும் இல்லை. உச்சியில் மூச்சு வாங்கி நின்றபோது வலது குதிகாலில் லேசாக ஏதோ குளிர்ந்தது போலிருந்தது. நிஜமா, நினைப்பா என்று அவளுக்கே நிச்சயமில்லை. அதைச் சொல்லி அவருக்கு ஆசை காட்ட வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

தூரத்தில் கடல் வெளிறித் தெரிந்தது.

"அடுத்த வருஷமும் மூடுவாங்கதானே?" என்று கேட்டாள்.

கேட்ட பிறகுதான், அடுத்த வருடம் என்று தான் சொல்லி எவ்வளவு காலமாயிற்று என்பது அவளுக்கு உறைத்தது.  

"மூடுவாங்க," என்றார் சுகுமாரன். "பங்குனியில."