அளவு ஜாக்கெட்

2002 ஆவணியில் மகள் திவ்யாவுக்குக் கல்யாணம். எனக்குப் பட்டு ஜாக்கெட் தைக்க, டெய்லர் ஹரிராமிடம் அளவுக்கு ஒரு பழைய ஜாக்கெட்டைக் கொடுத்தேன். பத்து வருஷத்துக்கு முன்னால் தைத்தது. டெய்லர் டேப் வைத்து அளக்க விடுகிற பழக்கம் எங்கள் வீட்டுப் பொம்பளைகளுக்குக் கிடையாது. அந்தப் பழசைப் போட்டே பல வருஷம்; தினமும் நைட்டிதான், வெளியே போனால் ரெடிமேட் ஜாக்கெட். பஸ் ஸ்டாண்டு எடை மெஷினில் அன்றைக்கும் அறுபது கிலோ, இன்றைக்கும் அறுபது. பிறகென்ன?

தைத்து வந்ததைப் போட்டால் கை தொளதொளவென்று தொங்கியது. வயிற்றுப் பக்கம் கீழ் ஊக்கு மாட்டவே இல்லை. வந்ததே எனக்குக் கோபம்! வில்லாபுரம் தெருவே பார்க்க, ஹரிராம் கடைக்குப் போனேன்.

"என்னண்ணே, பட்டை இப்பிடிப் பாழாக்கிட்டீங்களே! கண்ணு எங்க இருந்துச்சு?"

அவர் பழைய ஜாக்கெட்டைப் புதியதன் மேல் விரித்தார். ஒரு நூல்கூடப் பிசகவில்லை. "நீங்க குடுத்த அளவுதாம்மா. பழசைப் போட்டுப் பாருங்க."

வீட்டுக்கு வந்து போட்டேன். அதுவும் அப்படியே. கோபம் போன இடம் தெரியவில்லை. என் அக்கா ஒச்சம்மாளுக்கும் இப்படித்தான் கை வற்றி, வயிறு முன்னால் வந்தது. ஆறே மாதத்தில் போய்ச் சேர்ந்தாள். வயிற்றில் கட்டியாம். எனக்கும் அதுதானா? அப்படியென்றால் எடை ஏன் குறையவில்லை? நன்றாகத்தானே சாப்பிடுகிறேன்? கல்யாண வீட்டில் இதை யாரிடம் சொல்ல?

நாலு நாள் கழித்து என் வீட்டுக்காரர் காளையிடம் சொன்னேன்.

"இம்புட்டையும் மனசுல வச்சுக்கிட்டா இருக்க? கெளம்பு" என்று கோரிப்பாளையத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். ஸ்கேன் எடுத்தார்கள்.

"கட்டி ஒண்ணுமில்லம்மா. வயசாக ஆக, கைகால்ல தோலுக்கு அடியில இருக்கிற கொழுப்பு குறையும், வயித்துக்குள்ள கொழுப்பு சேரும். தசையும் கொஞ்சம் கரையும். அதான் எடை மாறல, உடம்பு மாறிருச்சு. தெனமும் நடங்க, சுகர் பாத்துக்கங்க."

உயிர் வந்தது. ஆனாலும் குழப்பம் தீரவில்லை.

"எங்க அக்காவுக்கும் வயசாச்சு, அதான் இப்பிடின்னு எல்லாரும் சொன்னாங்க. அவ செத்துல்ல போனா? நான் எதை நம்புறது?"

டாக்டரம்மா என்னையே பார்த்தார். "அவங்களுக்கு ஸ்கேன் எடுத்தீங்களா?"

நான் காளையைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். வயிறு கனக்குதுடி என்று சொல்லிக்கொண்டே எங்கள் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் சோறு ஆக்கியவள் அக்கா.

"எடுக்கல" என்றேன். அங்கேயே அழுதுவிட்டேன்.